ரத்தினபாய் அம்மையாரும் மூன்று நாள் ஆப்சென்ட்டும்

ரத்தினபாய் அம்மையார் காலமான செய்தி அலுவலகத் தொலைபேசியில் காலை ஏழரை மணிக்கு வந்தது. எடுத்தவர் எங்கள் சானிட்டரி இன்ஸ்பெக்டர். நான் பக்கத்து மேசையில் துப்புரவுத் தொழிலாளர்களின் வருகைப் பதிவேட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பென்ஷன் அம்மா போய்ட்டாவளாம் வே. விடியக்காலம் நெஞ்சு வலியாம்" என்றார். அடுத்த மூச்சில், "அப்ப அந்த பேச்சித்தாய் ஃபைலு யார்ட்ட இருக்கு?" என்றார்.

எனக்குச் சீ என்று இருந்தது. இன்ஸ்பெக்டரை நினைத்து மட்டுமல்ல. செய்தி காதில் விழுந்ததும் என் நினைப்பும் முதலில் அந்த ஃபைலுக்குத்தான் போயிருந்தது.

அன்று மத்தியானமே அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. ரோஜா மாலை, கேசரி, காப்பி. அம்மையாரை ஒரு நாளும் நிம்மதியாக வேலை செய்ய விடாதவர்கள் வரிசையாக எழுந்து 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றார்கள். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். எங்கள் ஊழியர் சங்க மலரில் ஒரு பக்கம் எழுதும்படி என்னைக் கேட்டார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதும் வே. வேற எதுவும் வேண்டாம்" என்று இன்ஸ்பெக்டர் தோளைத் தட்டினார். வேறு எதுவும்தான் எழுதப்போகிறேன். சங்கம் போடாவிட்டால் நானே அச்சடித்துக் கொடுப்பேன். எந்த நகராட்சி என்று எழுதவில்லை. தூத்துக்குடிக் கரையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லவும் வேண்டாம்.

அம்மையார் நாசரேத்துப் பக்கம். அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். எழுபதுகளின் தொடக்கத்தில் அவரைப் பென்ஷன் பிரிவுக்குக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் அது தண்டனைப் பதவி. கூரை ஒழுகும் அறை, கரையான் தின்ற பீரோ. யாரையாவது பிடிக்கவில்லையென்றால் அங்கே போடுவார்கள். அம்மையார் முதல் நாளே பீரோவைத் திறந்து, ஒவ்வொரு சர்வீஸ் ரெஜிஸ்டராக எடுத்து வெயிலில் காயவைத்தார்.

விதிப்படி ஒவ்வோர் ஊழியரும் ஆண்டுக்கொரு தடவை தன் ரெஜிஸ்டரைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். யாரும் பார்த்ததில்லை. குமாஸ்தாக்களான நாங்களே அவர்கள் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டிப் பதித்துவிடுவோம். அம்மையார் வியாழக்கிழமை மத்தியானங்களை அதற்கென்று ஒதுக்கினார். துப்புரவுத் தொழிலாளர்களை ஒவ்வொருவராக அழைத்து, எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, ரெஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுவார். "இது ஒங்க ஆயுசு. சரியா எழுதியிருக்கான்னு நீங்கதான் சொல்லணும்" என்பார்.

அந்த நாற்காலி பெரிய விவகாரம் ஆனது. தெருக் கூட்டுகிறவர்கள் உட்கார்ந்ததை இனி யார் உட்காருவது என்று பேச்சு. ஒரு வியாழன் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஆள்விட்டு அதைப் பினாயில் போட்டுக் கழுவவைத்தார். அம்மையார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமைதியாக, "பினாயில் மிச்சம் இருந்தா வைங்க. காலையில நீங்க உக்காந்த பெஞ்சும் இருக்கு" என்றார். இன்ஸ்பெக்டர் அதன்பின் அந்த அறைப்பக்கம் போகவில்லை. நான் அன்று சிரித்தேன். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் பார்க்காதபடி சிரித்தேன். என் வீரம் எப்போதும் அந்த அளவுதான்.

அப்படி ஒரு வியாழக்கிழமை பேச்சித்தாய் வந்தார். இருபத்திரண்டு ஆண்டு தெருக் கூட்டியவர், விதவை, ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. ரெஜிஸ்டரில், எட்டு ஆண்டுகளுக்கு முன் மூன்று நாள் அனுமதியின்றி வராமல் இருந்ததாக எழுதியிருந்தது. தணிக்கைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு பணிமுறிவு என்று சிவப்பு மையில் குறித்திருந்தார். முறிவுக்கு முந்தைய பதினான்கு ஆண்டும் கணக்கில் வராது. மிச்சமுள்ள ஆண்டுகள் பென்ஷனுக்குப் போதாது.

அம்மையார் வாசித்து முடித்ததும் பேச்சித்தாய், "மூணு நாள் வரலையா? எங்கன போனேன் நானு?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேர்மன் வீட்டுக் கலியாணம்லா அது. இன்ஸ்பெட்டரய்யாதான் எங்க ஆறு பேரையும் வண்டியில ஏத்திக் கொண்டு விட்டாவ. எச்சி எலை எடுத்தோம்மா. மூணு நாளும் நிமிரல" என்றார்.

உண்மை அதுதான். எனக்குத் தெரியும், அந்த 'ஆப்சென்ட்' என் கையெழுத்து. சேர்மன் மகள் கல்யாண வாரத்தில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து தெருவில் ஆள் எண்ணுவதாக இருந்தது. கல்யாண வீட்டில் இருப்பவர்களை வந்ததாகப் போட்டால் எண்ணிக்கை இடிக்கும். "ஆப்சென்ட் போடும், பொறவு சரி பண்ணிக்கிடலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "பென்சில்ல போடட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "மையிலயே போடும் வே." போட்டேன். சரிபண்ணுவதை அவரும் மறந்தார், நானும் மறந்தேன். அன்று சாயங்காலம் அதே கல்யாணத்தில் போய் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அம்மையார் என் மேசைக்கு வந்து கேட்டார். "மிஸ்டர் தங்கராஜ், யார் சொல்லிப் போட்டீங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அது போதும்." நான் ஞாபகமில்லை என்றேன். சீ, எவ்வளவு லேசாக வந்தது அந்தச் சொல்.

அவர் விடவில்லை. கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோவைத் தேடிப் போய், பழைய நெகட்டிவ்களைக் கிளறி, ஒரு படம் பிரதி எடுத்து வந்தார். பந்தி நடக்கிறது. ஓரத்தில் பேச்சித்தாய் எச்சில் இலைக் கூடையோடு குனிந்து நிற்கிறார். படத்தை என் முன்னால் வைத்து, விரலை மெல்ல நகர்த்தி, "இதுல நீங்களும் இருக்கீங்க" என்றார். இருந்தேன். மூன்றாவது இலையில், வாய் நிறைய.

படம் ஃபைலோடு தணிக்கைக்குப் போனது. பேச்சித்தாய் அங்கே இருந்தது தெரிகிறது, யார் அனுப்பியது என்பது தெரியவில்லை, பதிவேட்டில் எழுதிய குமாஸ்தாவின் வாக்குமூலம் வேண்டும் என்று பதில் வந்தது. ஆக, எல்லாம் என் ஒரு வரியில் வந்து நின்றது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை அம்மையார் வருவார். "இன்னைக்கு எழுதுவீங்களா மிஸ்டர் தங்கராஜ்?" குரலை உயர்த்தமாட்டார், பயமுறுத்தமாட்டார். நான் அடுத்த மாதம் என்பேன். எனக்குத் தலைமை எழுத்தர் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் சேர்மனுக்கு வேண்டியவர். அவ்வளவுதான் காரணம். பெரிய தர்மசங்கடம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை.

இதற்கிடையில் பேச்சித்தாய் ஓய்வுபெற்றார். ஒரு மாலைகூட இல்லை. தருவைகுளம் பக்கம் உப்பளத்தில் சுமக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கடைசித் திங்கட்கிழமை அம்மையார் வந்தபோது வழக்கத்தைவிடக் களைப்பாக இருந்தார். என் எதிரில் உட்கார்ந்தார். "நேத்து உப்பளத்துக்குப் போயிருந்தேன். அந்தம்மா காலு ரெண்டும் வெடிச்சிருக்கு. இந்த ஆபீஸ்ல முப்பது வருஷமா பேப்பரைப் பாக்கேன் மிஸ்டர் தங்கராஜ். பொய் எழுதினவனைவிட, அது பொய்னு தெரிஞ்சும் சும்மா இருக்கவனைப் பாத்தாத்தான் எனக்கு அருவருப்பா இருக்கு" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, வருத்தத்தோடு சொன்னார். அதற்கும் நான் அடுத்த மாதம் என்றேன். அடுத்த மாதத்துக்கு அவர் இல்லை.

அடக்கத்துக்கு நாசரேத்துப் பக்கம் போனோம். இன்ஸ்பெக்டர் முதல் ஆளாக மண் போட்டார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மறுநாள் அலுவலகம் திறந்ததும் உட்கார்ந்து எழுதினேன். ஒரு வரி போதும் என்று அம்மையார் சொன்னார், எனக்கு ஒன்றரைப் பக்கம் வந்தது. யார் சொன்னது, எந்த வண்டி, ஆறு பேரின் பெயர், நான் குடித்த பாயசம் வரை எழுதி, கமிஷனரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். மத்தியானத்துக்குள் விஷயம் பரவிவிட்டது. இன்ஸ்பெக்டர் இப்போது என்னிடம் பேசுவதில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் அடிபட்டுவிட்டது என்கிறார்கள். அடிபடட்டும். தணிக்கைக்காரர் ஒத்துக்கொண்டார், உத்தரவு வர ஒரு மாதம் ஆகும் என்று கமிஷனர் சொல்லியிருக்கிறார். மற்ற ஐந்து பேருக்கும் அதே உத்தரவு செல்லும்.

சொல்வதற்கு உப்பளத்துக்குப் போனேன். பேச்சித்தாய் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல் அதையும் எதிர்பார்த்தேன். அவர் உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டே, "அந்தம்மா இருக்கையில எழுதிருந்தா அவிய பாத்திருப்பாவ" என்றார். அப்புறம் என்னைத் திட்டவில்லை. "உத்தரவு வாரவரைக்கும் வயிறு கேக்காதுல்லா, கிளார்க்கய்யா. இந்தப் பெட்டியைக் கொஞ்சம் தூக்கிவிடுங்க" என்றார்.

குனிந்து தூக்கினேன். முதல் தடவை என்னால் முடியவில்லை. இரண்டாம் தடவை முட்டுக் கொடுத்துத் தூக்கி அவர் தலையில் வைத்தேன். அவர் கழுத்து ஒருமுறை உள்ளே இறங்கி நிமிர்ந்தது. வரப்பு மேல் நடந்து போனார். ஈர உப்பு என் சட்டையெல்லாம் வழிந்தது.

ரத்தினபாய் அவர்களே, உங்கள் ஃபைல் முடிந்தது. நீங்கள் பார்த்திருக்க வேண்டிய முடிவைக் காட்டாமலே உங்களை அனுப்பிவிட்டேன். இனி யாரும் உங்களை என் மேசைக்கு நடக்கவைக்க மாட்டார்கள். போய்வாருங்கள்.