நீல ஜெர்சிக்கு ஓர் ஊர்

சுவரில் ஊர்ப்பெயர் எழுதுவது ஜெறோமின் வேலை. தாடிக்கொம்பு மைதானத்தில் பொங்கல் கால்பந்து முடிந்ததும், வென்ற ஊரை மேடைச் சுவரில் எழுதுவான். கீழே ‘திண்டுக்கல் மாவட்டம்’. பெயின்டர். கூப்பிட்ட ஊருக்கெல்லாம் கோல்கீப்பர். வத்தலக்குண்டுக்கு நின்றிருக்கிறான், பழனிக்கு நின்றிருக்கிறான். போன வருடம் தாடிக்கொம்புக்கே கோப்பை வாங்கிக்கொடுத்துவிட்டு அந்தப் பெயரையும் அவனே எழுதினான்.

பிறந்தது திண்டுக்கல் பக்கத்து அகதிகள் முகாமில். பெற்றோர் மன்னார் பேசாலையிலிருந்து படகில் வந்தவர்கள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் எந்த நாட்டின் குடிமகனும் இல்லை.

இந்த வருடம் முகாம் பையன்களைச் சேர்த்துத் தனி அணி கொண்டுவந்தான். பெயர், பேசாலை.

கமிட்டித் தலைவர் சடையாண்டி சிரித்தார். “மாவட்டத்துக்குள்ள இருக்கிற ஊருக்குத்தான்ப்பா போட்டி.”

“நான் இந்த மாவட்டத்துலதானண்ணே பிறந்தேன்.”

“நீ பிறந்த. ஊரு பிறக்கலையே. கேம்ப்புன்னு போட்டுக்க.”

“அது ஊர் இல்லண்ணே.”

“அப்ப பேரில்லாம ஆடுங்க. ஜெயிச்சா என்ன பேரு வேணும்னாலும் எழுதிக்க, போ.”

ஜெயிக்க மாட்டார்கள் என்ற தைரியம்.

மைக்கில் அவர்கள் ‘நீல ஜெர்சி’ ஆனார்கள். நீல ஜெர்சி காலிறுதி வென்றது. அரையிறுதி வென்றது. இறுதி ஆட்டத்தில் எதிரே தாடிக்கொம்பு. முகாமே லோடு ஆட்டோக்களில் வந்து இறங்கியது. ஆளுக்கொரு கோல். பெனால்டி.

கடைசி உதை தாடிக்கொம்பின் பழனிக்குமாருடையது. அதைத் தடுத்தால் கோப்பை. போன வருடம் முழுக்க ஜெறோமை நிறுத்தித்தான் அவன் பெனால்டி பழகினான்.

“எங்கிட்டு அடிப்பேன்னு தெரியும்ல, அப்பு?”

“இடது மூலை.”

“மாத்தி அடிச்சா?”

“அடி பாப்போம்.”

“விடாத மகன்!” கோட்டுக்கு வெளியே அம்மாவின் குரல் கிழிந்தது.

பழனியிலிருந்து வந்த நடுவர் விசில் ஊதினார். பழனிக்குமார் ஓடி வந்தான். ஜெறோம் இடது பக்கமே பாய்ந்தான். பந்து விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் மோதி, வெளியே போனது.

அப்புறம் யார் யாரைத் தூக்கினார்கள் என்று தெரியவில்லை. பழனிக்குமாரும் வந்து முதுகில் ஓங்கி அறைந்தான். “மாத்தி அடிச்சிருக்கணும்லே!”

கழற்றிய கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜெறோம் ஏணியில் ஏறினான். எப்போதும் ஒரே மூச்சில் எழுதுகிறவன், ‘பே’க்கு இரண்டு தடவை தூரிகையைப் பெயின்டில் தோய்த்தான். பேசாலை. கீழே, வழக்கம்போல, திண்டுக்கல் மாவட்டம்.

“ஏலே, அதையும் ஏண்டா எழுதுற?” என்றார் சடையாண்டி.

“நீங்கதானண்ணே சொன்னீங்க, மாவட்டத்துக்குள்ள இருக்கணும்னு.”

கூட்டம் விசிலடித்தது. சடையாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

நடுவர் சுவரைப் பார்த்துக் கேட்டார். “ஏனுங்க, இந்தப் பேசாலை எந்தப் பக்கமுங்க?”

சடையாண்டி ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“நம்ம நத்தம் தாண்டி. அங்கிட்டு.”