கிறீஸ் பூசக்கூடாத இடம்

கிறீஸ் பூசாதே என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் ஸ்பானரைத் தூக்கி எறிந்திருப்பேன். மட்டக்களப்பு வாவியில் ஓடுகிற போட் எஞ்சின்களைத் திருத்தியே முப்பது வருடம் கழித்தவன் நான். எங்களுக்கு உப்புத்தான் சத்துரு. எதைக் கழற்றினாலும், திரும்பப் பூட்டுமுன் விரல் தானாகக் கிறீஸ் டின்னுக்குள் போய்விடும். போட் எஞ்சினின் பிளைவீலைக் கிறீஸ் இல்லாமல் பூட்டினால் அடுத்த மாரிக்குச் சுத்தியலால் அடித்தாலும் கழலாது. இதை யாரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. எங்கள் பக்கத்து மெக்கானிக்மார் எல்லாருக்கும் கை அப்படித்தான் பழகியிருந்தது.

அந்தக் கைப்பழக்கம் எனக்குச் செய்த வேலையை எழுதுகிறேன். இப்போது வேலை பழகுகிறவர்கள் வாசிக்கட்டும். ஏச வேண்டுமென்றால் ஏசட்டும்.

1. கட்டார் கார்

சுனாமி வந்த மார்கழியில், ஒரு வியாழக்கிழமை, காத்தான்குடி நசீர் என் நாவற்குடாப் பட்டறைக்கு வந்தார். கட்டாரில் ஒரு வீட்டில் டிரைவர் வேலை, லீவில் வந்திருந்தார். அவர் கையில் ஒரு முழ நீளத்தில் விளையாட்டுக் கார் இருந்தது. முதலாளியின் மகன் ஓட்டிச் சலித்துக் கொடுத்ததாம். றிமோட்டால் ஓடுவது, ஆனால் பற்றரிக் கார் அல்ல. நைட்ரோ எண்ணெயில் ஓடுகிற, உள்ளங்கைக்குள் அடங்கும் உண்மையான எஞ்சின்.

“அண்ண, எஞ்சின் கத்துது, கார் அசையுதில்ல. சனிக்கிழம பின்னேரம் கடற்கரையில ஓட்டிக் காட்டுறன் எண்டு மகளுக்குச் சொல்லிட்டன். ஊட்ட ஒரே கரைச்சல்.”

“எத்தின வயசு மகளுக்கு?”

“ஏழு. வாய் மட்டும் எழுபது.”

நூலை இழுத்தால் எஞ்சின் பிடித்தது. சில்லுக்கு ஓட்டத்தைக் கொடுக்கிற பிளைவீல் மட்டும் கிரீச்சிட்டுக்கொண்டு பின்தங்கியது. வழுக்கல்தான். கழற்றிப் பார்த்தேன், நட் தளர்ந்திருந்தது. போட் எஞ்சினில் பிளைவீலுக்கும் ஷாஃப்டுக்கும் இடையில் இரண்டையும் பூட்டிப் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு, ஒரு கீ, இருக்கும். நாங்கள் எவ்வளவு கிறீஸ் பூசினாலும் அந்தக் கீ சமாளித்துக்கொள்ளும். இதில் கீ கிடையாது. கூம்புபோல, பிளந்த ஒரு பித்தளைக் கோன், அதன்மேல் பிளைவீல், அதன்மேல் நட். நட்டை இறுக்க இறுக்கக் கோன் நெருங்கி ஷாஃப்டைக் கவ்வும். அவ்வளவுதான் அதன் பிடி.

“சின்ன வேல” என்றேன். துடைத்து, வழக்கம்போலக் கோனுக்குக் கிறீஸ் பூசி, நட்டை இறுக்கிக் கொடுத்தேன். முற்றத்தில் இரண்டு சுற்று ஓடியது. நசீர் சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பி வந்தார். மறுகாவும் வழுக்கல்.

“என்ன அண்ண இது?”

“கோன் தேஞ்சு போச்சு தம்பி. வெளிநாட்டுச் சாமான், பாக்க மட்டும்தான் வடிவு” என்றேன். கோன் தேயவில்லை. எனக்குக் காரணம் பிடிபடவில்லை, அதைச் சொல்ல வெட்கம். “வச்சிட்டுப் போங்க. ஞாயித்துக்கிழம காலம வாங்க.”

சனிக்கிழமை அதை இன்னும் கொஞ்சம் கிறீஸ் பூசி இறுக்கி வைத்தேன்.

2. ஞாயிறு

காலை எட்டரைக்கு நசீர் வந்தார். முற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். அரைச் சுற்றுக்குள் வழுக்கியது. “பொறுங்க, இப்ப பாத்துத் தாறன்” என்று மூன்றாம் முறை கழற்றிக் கோனுக்குக் கிறீஸ் பூசினேன். அவர் பெட்டியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். அப்போதுதான் கடற்கரைப் பக்கமிருந்து சனம் கத்திக்கொண்டு ஓடிவந்தது. கடல் வருது, கடல் வருது என்றார்கள்.

நசீர் கோப்பையைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடிவந்த பக்கத்தை நோக்கி ஓடினார். நான் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

என் பட்டறை வாவிக் கரையில் இருந்ததால் முழங்காலளவு தண்ணீரோடு தப்பியது. அவருடைய வீடு கடலோரம். மனைவியும் மகளும் கடலோடு போய்விட்டார்கள். மீனுக்கு ஐஸ் கொண்டுவருகிற ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நசீர் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்ததும் கட்டாருக்கே போய்விட்டாராம். காரைக் கேட்டு வரவில்லை.

3. காய்ந்த கோன்

அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. எஞ்சின் கொண்டுவருகிற போட்காரரில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. மிச்சப் பேருக்கு நிவாரணத்தில் புது எஞ்சின் கிடைத்தது. மனைவி இறந்து ஆறு வருடம், பிள்ளைகளும் இல்லை. காலையில் பட்டறையைத் திறந்து பின்னேரம் பூட்டுவேன், இடையில் ஒரு மனிதக் குரல் கேட்காது.

தண்ணீரில் நனைந்த சாமான்களையெல்லாம் தின்னரில் கழுவி வெயிலில் வைத்தேன். அந்தக் காரின் சாமானும் அதில் இருந்தது. காய்ந்ததும் பூட்டினேன். கிறீஸ் டின்னைத் தண்ணீர் கொண்டுபோயிருந்ததால் அப்படியே வெறுமனே இறுக்கினேன். பெருவிரலால் பிளைவீலைச் சுற்றினேன். ஷாஃப்டும் சேர்ந்து சுற்றியது. பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன், வழுக்கவே இல்லை.

அப்போதுதான் விளங்கியது. காய்ந்திருந்தால் மட்டுமே பிடிக்கிற இடத்தில் மூன்று நாளும் நானே கிறீசைப் பூசியிருக்கிறேன். வியாழக்கிழமை ஒழுங்காகப் பூட்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மனிதன் தன் வீட்டில் இருந்திருப்பான். இதைச் சொல்லி அழக்கூட எனக்கு ஒரு ஆள் இல்லை.

பிறகு சண்டை மறுபடி மூண்டது. வீதிக்கு வீதி ஆமிச் சென்றிகள் முளைத்தன, வீடு வீடாகச் சோதித்தார்கள். குண்டு வெடிக்கவைக்கிற சாமான்போல றிமோட்டும் வயரும் வைத்திருப்பவனிடம் அந்த நாளில் யாரும் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள். ஒரு காலையில் தோணியில் போய் றிமோட்டை வாவி நடுவில் போட்டேன். காரைப் போட மனம் வரவில்லை, சாக்கில் சுற்றிப் பழைய எஞ்சின் கவருக்குள் வைத்தேன். நசீர் வரவேண்டும் என்றும் நினைத்தேன், வரக்கூடாது என்றும் நினைத்தேன்.

யுத்தம் முடிந்து இரண்டாம் மாதம் வந்தார். தாடி நரைத்திருந்தது. அதே பெட்டியில் உட்கார்ந்தார்.

“அண்ண, அந்தக் கார் கிடக்கா?”

எடுத்துக் கொடுத்தேன். பெருவிரலால் பிளைவீலைச் சுற்றிப் பார்த்தார்.

“பிடிக்குது. என்ன பிழ இருந்த இதுல?”

கோன் தேய்ந்தது என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

“கோன்ல ஒரு பிழையும் இல்ல தம்பி. நான்தான் பூசக்கூடாத இடத்தில கிறீஸ் பூசினன். மூண்டு தரமும். எனக்குத் தெரியாதத மறைக்க உங்களுக்குப் பொய்யும் சொன்னன். நான் சரியாச் செஞ்சிருந்தா அண்டைக்கு நீங்க வந்திருக்க மாட்டீங்க.”

அவர் எழுந்து அடிப்பார் என்றே நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவர் காரை மடியில் வைத்தார்.

“மகள் அண்டைக்கு, ‘வாப்பா, நானும் வாறன்’ எண்டா” என்றார். “பட்டற முழுக்கக் கிறீஸ், புது உடுப்பு பழுதாப் போகும், நில்லு எண்டு நான்தான் விட்டுட்டு வந்தன். இத ஒருத்தருக்கும் சொல்லல்ல அண்ண. இவ்வளவு காலமும் தனியக் கிடந்து என்னையே ஏசிட்டிருந்தன்.”

நான் எழுந்து அடுப்பில் கேத்தலை வைத்தேன்.

“இனி ஏசுறதெண்டா ரெண்டு பேரும் சேந்து ஏசுவம்” என்றார். நான் பிளேன்டீ ஊற்றினேன். இந்த முறை கோப்பை காலியாகும்வரை இருந்தார்.

வேலை பழகுகிறவர்களுக்கு: கோனையும் ஷாஃப்டையும் தின்னரில் கழுவுங்கள், நன்றாகக் காயவிடுங்கள், எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். பிறகும் வழுக்கினால் சாமானைக் குறை சொல்லாதீர்கள். எனக்குத் தெரியவில்லை என்று, வந்தவர் முன்னால் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். எனக்கு அதைச் சொல்ல நாலரை வருடம் எடுத்தது.