முரளி பாவா செய்த டாஃபி புட்டிங்

சர்க்கரை உருகிப் பொன்னிறம் கடந்து செம்மண் நிறத்துக்குப் போகும்போது அடுப்பிலிருந்து ஒரு வாசனை எழும். பாதி தித்திப்பும் பாதி கசப்புமான அந்த வாசனையை நான் முதன்முதலில் முகர்ந்தது திருத்தணியில் எங்கள் வீட்டுச் சமையலறையில், ஓர் ஆடி மாதத்தில். தெருவில் காவடிகள் போய்க்கொண்டே இருந்தன. மஞ்சள் வேட்டிக் கூட்டத்தின் அரோகரா சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் என் அக்காவின் கல்யாணப் பேச்சு எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

கே.ஜி.கண்டிகைப் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் காலையில் போய்ப் பயிரைப் பார்த்துவிட்டு மதியம் திரும்பி வருவார். அக்கா தேவகி கல்லூரியில் கடைசி வருடம் முடித்திருந்தாள்; நான் நாலாம் வகுப்பு. அம்மாவின் அண்ணன் குடும்பம் ஆர்.கே.பேட்டையில் தறி வைத்திருந்தது. அந்த வீட்டு மகன் முரளி எங்களுக்குப் பாவா, அதாவது முறைப்பையன். அவர் இங்கிலாந்துக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. "லண்டன் ஓட்டல்ல மேனேஜரு" என்று அவருடைய அம்மா சொல்லியிருந்தார். அதை நைனா டீக்கடையில், பஸ்ஸில், மோட்டார் கொட்டகையில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முறைப்பையனுக்கு முறைப்பெண் என்பது எங்கள் சொந்தத்தில் யாரும் உட்கார்ந்து யோசிக்கிற விஷயமே இல்லை. ஆவணியில் முகூர்த்தம் பார்த்தால் போதும் என்றிருந்தார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போவது அதிகமாகியிருந்தது.

விடுமுறையில் வந்த பாவா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, தான் ஒரு வெள்ளைக்காரப் பலகாரம் செய்து தருவதாகச் சொன்னார். "டாஃபி புட்டிங்" என்று பேர் சொன்னதும் அம்மா, "அதுல முட்ட கிட்ட போடுவாங்களா? கிருத்திக முடியற வரைக்கும் முட்ட வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார். "தயிர் ஊத்திக்கலாம் அத்தை" என்று சிரித்தார் பாவா. பேரீச்சம்பழத்துக்கு அலைய வேண்டியதே இல்லை. பஞ்சாமிர்தத்துக்காக மலையடிவாரக் கடைகளில் குவித்து வைத்திருப்பார்கள். பாவாவும் அக்காவும் சமையலறையில் தனியாக இருப்பது நன்றாக இருக்காது என்று அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீயும் உள்ள போய் உக்காரு" என்று அனுப்பினார்.

பழத்தைக் கொட்டை நீக்கி, கொதிநீரில் சிட்டிகை சோடா உப்போடு ஊறப்போட்டு, என்னிடம் மசிக்கக் கொடுத்தார். வெண்ணெயையும் வெல்லத்தூளையும் குழைத்து, தயிரும் மைதாவும் சேர்த்து, மசித்த பழத்தைக் கலந்தார். கேக் சுட எங்களிடம் ஓவன் ஏது? அடி கனத்த அலுமினியக் குண்டானில் ஆற்று மணலைப் பரப்பிச் சூடேற்றி, மாவுத் தட்டை அதற்குள் இறக்கி, மூடியின்மேல் கொட்டாங்குச்சித் தணலை அள்ளி வைத்தார். அவர் கை எதையும் தேடவில்லை. உப்பு டப்பாவும் கரண்டியும் எங்கே இருக்கின்றன என்று பல வருடம் அந்தச் சமையலறையில் புழங்கியவர்போல வேலை செய்தார். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஊற்றுகிற பாகுக்காக இரும்புச் சட்டியில் சர்க்கரை உருகிக்கொண்டிருந்தபோது அக்கா பேசினாள்.

"பாவா, எனக்கு பி.எட். படிக்கணும். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அங்க வர்றதுக்கு எனக்கு இஷ்டம் இல்ல."

பாவா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இரு தேவகி. இத இப்ப வுட்டா கருகிடும்" என்றார். நிறம் திரும்பியதும் வெண்ணெயைப் போட்டார். பாலாடையை ஊற்றியபோது சட்டி சீறிப் பொங்கி அடங்கியது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"மாமாகிட்ட சொன்னியா?"

"சொன்னா கேப்பாரா? தேதி பாத்துகினு இருக்காரு."

"ஆங்" என்றார். முகம் வாடியதா என்று சொல்ல எனக்கு அப்போது வயது போதாது. பிறகு, "கிண்ணம் எடு" என்றார்.

கூடத்தில் நைனா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சூடான கேக்கின்மேல் பாகு வழிய வழிய ஒரு கிண்ணம் அவர் கைக்குப் போனது. முதல் வாய்க்கே புருவம் உயர்ந்தது. "இன்னாப்பா இது, வெள்ளைக்காரன் கேசரியா? நல்லாகீதே" என்றார். பாவா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். நான் அங்க மேனேஜர் இல்ல. அடுப்படியிலதான் வேல. இந்த மாதிரி இனிப்பு செய்யறதுதான் என் வேல. அம்மா உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டாங்க. நீங்க தேதி பாக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்கணும்."

அம்மா கதவோரம் அப்படியே நின்றுவிட்டார். நைனா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. மெதுவாகச் சாப்பிட்டார். தலை நிமிர்ந்து பாவாவைப் பார்த்தார், சமையலறை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார், மறுபடி சாப்பிட்டார். வழித்து முடித்துக் கை கழுவிவிட்டு வந்துதான் சொன்னார்: "ஊரு பூரா மேனேஜருன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப தேதி பாக்க வேணாம். நிக்கட்டும்."

நின்ற பேச்சு திரும்பத் தொடங்கவேயில்லை. பாவாவின் அம்மா எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்க வெகுகாலம் ஆயிற்று. மாப்பிள்ளை சமையல்காரன் என்பதால் சம்பந்தம் முறிந்தது என்றே சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பாவா அதை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, அக்கா பெயரை எங்கும் இழுத்ததுமில்லை. புட்டிங் செய்த அன்று சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றிவிட நானும் அம்மாவும் போனோம். ஜன்னல் வழியாகக் குனிந்து, "சட்டியில பாகு மிச்சம் கீது. உங்க அக்காவுக்கும் குட்த்துட்டு துன்னு" என்றார். அவ்வளவுதான்.

அக்கா பி.எட். முடித்தாள். பொதட்டூர்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, கூட வேலை பார்த்தவரையே பிறகு கட்டிக்கொண்டாள். பாவா அங்கேயே ஒரு கேரளத்து நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். இப்போது சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறார். அக்காவின் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வீடியோவில் வந்து பாடுகிறார்.

நான் சென்னையில் மின்சார ஓவனில் அதே புட்டிங்கைச் செய்கிறேன். முட்டை போட்டும் செய்கிறேன், நன்றாகவே வருகிறது. திருத்தணி வீட்டை விற்றாகிவிட்டது. அங்கே பக்தர்கள் தங்கும் லாட்ஜ் நிற்கிறது. முறைப்பையன் என்று உரிமை கொண்டாடும் பேச்சு எங்கள் சொந்தத்தில் ஓய்ந்துபோயிற்று. நைனாவும் இல்லை. அவர் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கட்டிலோரம் உட்கார்ந்திருந்த நான் கேட்டேன், பாவா சமையல்காரர் என்பதால்தானே அன்றைக்கு வேண்டாம் என்றீர்கள் என்று.

"யார் சொன்னது?" என்றார் நைனா. "அவன் அடுப்படி வேலன்னு சொல்லும்போது நான் தேவகி மொகத்தப் பாத்தேன். காஞ்ச நெலத்துல மழ பேஞ்ச மாதிரி இருந்துச்சி. அப்புறம் எப்படி தேதி பாக்கறது?"