செல்லின் குறுக்கே ஒரு கோடு

அடுத்த அறையிலிருந்து ‘ணிக்’ என்று ஒரு சத்தம். வெங்காயத்தின் உள்தோலை இடுக்கியால் உரித்துக்கொண்டிருந்த உயிரியல் டீச்சர் நிமிரவே இல்லை.

“மூணாவது மேசை. பெரிய லென்ஸைப் போட்டுட்டுப் பெரிய திருகைத் திருகினது யாரு?”

ஆய்வகத்துக்குள் நுழைந்தவர், மூன்றாவது மேசையில் லென்ஸ் இடித்து விரிசல் விட்டுக் கிடந்த மெல்லிய கண்ணாடித் தகட்டைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து நின்றார். “இன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது,” என்றார். ஆனால் மதியம் டப்பாவைத் துடைத்துக் காலி செய்தார். “துக்கம் வந்தா எனக்குப் பசி கூடும்” என்று அதையும் அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆய்வகத்தின் பன்னிரண்டு மைக்ரோஸ்கோப்புகளுக்கும் அவர்தான் தாய். ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில் கொடுத்து, பச்சைக் குழந்தையைப் போலத் தூக்க வேண்டும். லென்ஸை இறக்கும்போது பக்கவாட்டில் குனிந்து பார்க்க வேண்டும். வெளிச்சம் பிடிக்கும் கண்ணாடியை நேரே வெயிலுக்குத் திருப்பக் கூடாது. “கண்ணு போச்சுன்னா கடையில கிடைக்காது,” என்பார். துடைக்கும் வேலைக்கு வேறு யாரையும் அண்டவிட மாட்டார். மாதம் ஒரு முறை கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊதி, துடைத்து, உறை மாட்டுவார். “என்னை ஒரு நாளாவது இப்படித் துடைச்சு வச்சிருக்கியான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். உங்களுக்கு எந்தத் திருகைத் திருகினாலும் தெளிவா தெரியறதில்லையேன்னு சொல்லிட்டேன்” என்று வகுப்பில் சொன்னவரும் அவரே.

படம் வரைவதில் இன்னும் கறார். கூரான பென்சில், ஒரே கோடு, நிழல் தீட்டக் கூடாது, பாகம் குறிக்க ஸ்கேல் வேண்டும். “புத்தகத்துல இருக்கறதை வரையாதே. உன் கண்ணுக்குத் தெரியறதை வரை.” இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தழுதழுக்கும். செல்லுக்காக ஏன் அழ வேண்டும் என்று அவருக்கே விளங்கியதில்லை.

மாலை மணி அடித்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவியின் அம்மா வந்தார். பார்லரில் முடி வெட்டுகிறவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். தோளில் யாருடைய முடித் துணுக்குகளோ இன்னும் ஒட்டியிருந்தன. கையில் மகளின் ரெக்கார்டு நோட்டும் ஒரு படிவமும்.

“பயாலஜியை விட்டுட்டு வேற பாடம் எடுக்கறாளாம், டீச்சர். உங்க கையெழுத்து வேணும்.”

“எதுக்கும்மா? நல்லா படிக்கிற பொண்ணாச்சே.”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘பார்த்ததைத்தான் வரைஞ்சேன், பொய்னு எழுதிட்டாங்க’ன்னு ரெண்டு நாளா அதையே சொல்றா. இந்தப் பாடம்னா அவளுக்கு உசிரு. இப்போ புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கறா.”

டீச்சர் நோட்டைத் திறந்தார். வெங்காயத்தோல் செல்கள், செங்கல் அடுக்கியது போல. அவற்றின் குறுக்கே மேலிருந்து கீழாக வளைந்து ஒரு கோடு. அடியில் அவருடைய சிவப்பு மை: ‘செல்லில் இப்படி ஒரு பாகம் கிடையாது. கற்பனை வேண்டாம்.’ மதிப்பெண் பூஜ்யம்.

“உலகத்துல எந்த வெங்காயத்துலயும் இது கிடையாதும்மா. வாங்க, நீங்களே பாருங்க.”

அந்த மாணவி உட்காரும் ஏழாம் எண் மைக்ரோஸ்கோப்பில் புதிய தோலை வைத்து, நாடகத்தில் திரை விலக்குபவர் போலக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

கோடு இருந்தது. ஸ்லைடை நகர்த்தினார், செல்கள் நகர்ந்தன, கோடு நகரவில்லை. கண் வைக்கும் குழலைச் சுற்றினார். கோடும் கூடவே சுற்றியது. குழலைக் கழற்றி, உள்ளே கிடந்ததை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். ஒரு முடி.

அம்மா அதைத் தொழில்முறையில் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். “வேர்ல அரை அங்குலம் வெள்ளை. மிச்சம் டை.” பிறகு டீச்சரின் தலையை ஒரு பார்வை பார்த்தார். “நீங்க போடற அதே கறுப்பு.”

“நான் டை போடறதில்லைன்னு இங்க எல்லாரும் நம்பிட்டிருக்காங்க.”

“யாரும் நம்பல, டீச்சர்.”

டீச்சர் அலமாரியைத் திறந்தார். அதே ஏழாம் எண்ணில் பார்த்த இன்னும் ஐந்து பேரின் நோட்டுகளைப் புரட்டினார். ஒன்றிலும் கோடு இல்லை. அச்சு அசல் புத்தகத்துப் படம். ஐந்திலும் முழு மதிப்பெண், ‘அருமை’ வேறு. டிவி சீரியலில் யாராவது இருமினாலே அழுகிறவருக்கு, அழ வேண்டிய இந்த இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது.

“இத்தனை வருஷத்துல நான் சொன்னதைக் கேட்டது ஒருத்திதான்மா. அவளைத் தேடிப் பிடிச்சு பூஜ்யம் போட்டிருக்கேன்.”

பூஜ்யத்தை அடித்துப் பத்து என்று எழுதினார். பென்சிலைச் சீவி, ஸ்கேல் வைத்து, அந்த வளைந்த கோட்டிலிருந்து பக்கத்து ஓரம் வரை நேர்கோடு ஒன்று இழுத்தார். அதன் முனையில் ‘டீச்சரின் முடி’ என்று குறித்தார். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. வேறு யாராவது எழுதியிருந்தால் அரை மதிப்பெண் குறைத்திருப்பார்.

“இதை அவகிட்டக் காட்டுங்க. நாளைக்கு வகுப்புல எல்லார் முன்னாடியும் நானே மன்னிப்புக் கேட்கறேன்.”

“முடி சமாசாரத்தையும் சொல்வீங்களா?”

“சொல்லாம? அதுதானேம்மா பாகம்.”

அம்மா படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தார். நோட்டை மட்டும் மடிக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டார். “வருவா, டீச்சர்,” என்றார். வாசலில் ஒரு கணம் நின்று திரும்பினார். “ஞாயித்துக்கிழமை பார்லர் பக்கம் வாங்க. வேர் வரைக்கும் போட்டு விடறேன்.”

கதவு சாத்திக்கொண்டது. டீச்சர் கைத்துண்டை எடுத்து, புருவம் வரை இறக்கி, தலையை இறுகக் கட்டிக்கொண்டு, ஒன்றாம் எண்ணின் உறையைக் கழற்றினார்.