ஆறு பற்றரிக்குக் கனடா

அந்த ஆண்டுகளில் வன்னியில் ஒரு புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால், அது என்னவென்று யாரும் கேட்பதில்லை. என்ன விலை என்றும் கேட்பதில்லை. "இது எதிலை ஓடும்?" என்றுதான் கேட்பார்கள். கரண்ட் நின்று வருசக்கணக்காகிவிட்டது. சண்டையால் அரசாங்கம் பெற்றோலுக்குத் தடை, பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் திரி விட்டு விளக்கு எரித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைப்பார்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் கனடாவிலிருந்து எனக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வந்தது. அனுப்பியவர் எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை.

நாங்கள் கிளிநொச்சியில் வயலையும் வீட்டையும் விட்டு இடம்பெயர்ந்து, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டிருந்தோம். ஒரே அறை. அதற்குள் அம்மா, நான், சித்தப்பா, அவருடைய குடும்பம். அப்பா இல்லாததால் என் கலியாணத்தைச் சித்தப்பா பொறுப்பெடுத்திருந்தார். எனக்கு அப்போது முப்பது ஆகவிருந்தது. பள்ளிக்கூடம் பதினொராம் வகுப்பு ஓ.எல். சோதனையுடன் முடிந்தது. யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மாப்பிள்ளையின் தாய் ஆமிக் கட்டுப்பாட்டுப் பகுதியான வவுனியாவில் இருந்தார். மகன் அவருக்குக் கிழமைக்கொரு தடவை போன் எடுப்பாராம். சம்மதமா இல்லையா என்று அவர்கள் கேட்டுப் பல மாதமாகிவிட்டது. என்னிடம் இருந்தது ஒரு படம் மட்டும். அதில் அவர் ஒரு காருக்குப் பக்கத்தில் நின்றார். கார் யாருடையது என்று தெரியவில்லை. ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் எப்படிச் சம்மதிப்பது? சித்தப்பாவிடம் அம்மா ஒருநாள் கேட்டுப் பார்த்தா. ஆள் எப்படி என்றதற்கு அவர் "கனடா" என்றார். குணம் எப்படி என்றதற்கும் "கனடா" என்றார். அதற்கு மேல் அம்மா கேட்கவில்லை. எனக்கோ கேட்க வாய் வரவில்லை.

சித்தப்பா மாதாமாதம் பென்சன் எடுக்க இயக்கத்தின் பாஸ் எடுத்து வவுனியா போவார். அப்படிப் போன ஒருமுறைதான் பார்சலைக் கொண்டு வந்தார். சிவப்பும் கறுப்புமாக, இரண்டு காலில் நிற்கும் ஒரு பெட்டி. முன்பக்கம் முகத்தை உள்ளே விடுவதற்கு ஒரு வாய். வயரில் தொங்கும் ஒரு கைபிடி, அதன் முதுகில் பற்றரி போடும் இடம். கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தால் அந்த விளையாட்டுக்குள்ளேயே நாம் நிற்பது போல இருக்குமாம்.

வழிச் சோதனையில் சிப்பாய் அதைத் தூரத்தைக் கிட்டக் காட்டும் கருவி என்று பிடித்துவிட்டானாம். பிறகு தானே அதற்குள் முகத்தை விட்டுப் பார்த்திருக்கிறான். முன்னால் நின்ற அவனுடைய மேலதிகாரியே தெரியவில்லை. தூரமும் தெரியாமல் கிட்டவும் தெரியாமல் இருக்கிற கருவியால் யாருக்கும் ஆபத்தில்லை என்று விட்டுவிட்டானாம். இதைச் சித்தப்பா பெருமையாகச் சொன்னார்.

மாப்பிள்ளை சொல்லிவிட்டது ஒன்றே ஒன்று. பிள்ளை அதைப் போட்டுப் பார்த்து, என்ன தெரிகிறது என்று சொல்லட்டாம்.

சித்தப்பாவுக்கு அது போதவில்லை. கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் அதன் பெறுமதியை விளக்கத் தொடங்கினார். டொலரில் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளங்காது. ஆகவே அவர் தகரத்தில் சொன்னார். இந்தச் சாமானின் விலைக்குக் கொட்டில் முழுவதுக்கும் தகரம் போடலாம், மிச்சத்தில் கிணறும் கட்டலாம். ஓலைக் கூரை ஒழுகுகிற வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது அம்மாவுக்கு அவ்வளவு சுகமாக இருக்கவில்லை.

சங்கக்கடை மனேச்சர் வீட்டில் கைக்குள் அடங்கும் ஒரு விளையாட்டு இருந்தது, கட்டிகள் விழ விழ அடுக்குவது. அவர் தன்னுடையதற்கு இரண்டு சின்னப் பற்றரி போதும் என்றார். சித்தப்பா சிரித்தார். "அது ஏழைப்பட்ட சாமான். எங்கடைக்கு ஆறு வேணும்." வாடகைக்கு ரீவியும் டெக்கும் பிடித்துப் படம் ஓடுவதென்றால் ஜெனரேற்றர் வேண்டும், இழுத்து ஸ்டாட் பண்ணச் சொட்டுப் பெற்றோல் வேண்டும், பிறகு ஓட மண்ணெண்ணெய் வேண்டும், அதையெல்லாம் காவ உழவு மெசின் வேண்டும். எங்களுடையதற்கு ஆறே ஆறு பற்றரி. இப்படி, மனேச்சருக்கு முன்னால் ஆறு என்பது பெருமையாகவும் ரீவிக்கு முன்னால் அதே ஆறு சிக்கனமாகவும் இருந்தது.

ஆனால் ஆறு பற்றரி எங்கே? ஒளித்து விற்கிறவர்களிடம் ஒன்றுக்குக் கேட்ட விலையில் ஒரு நாள் சமைக்கலாம். சித்தப்பா முதலில் டைனமோவில் கொழுவிப் பார்த்தார். பக்கத்துக் காணி அக்காதான் பெடல் சுற்றினா. அவாவுடையது மலையகத்திலிருந்து வந்து வயல் வேலை செய்து வாழ்ந்த குடும்பம். என்னோடு மனம் விட்டுக் கதைக்கிற ஒரே ஆள் அவாதான். பெட்டி ஒருமுறை முனகியது, பிறகு பேசாமல் இருந்தது.

"நம்மள மாதிரி இல்ல தங்கச்சி, இதுக்கு நல்ல சாப்பாடு கேக்குது" என்றா அக்கா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

கடைசியில் சித்தப்பா ஒரு அறிவித்தல் விட்டார். செத்த பற்றரி, சாகப் போகிற பற்றரி எது கொடுத்தாலும் கொடுத்தவர் ஒரு தரம் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் பழைய பற்றரியை யாரும் எறிவதில்லை. வெயிலில் காயவைத்தால் அதற்குக் கொஞ்சம் உயிர் வரும். ஓட்டிலும் வேலியிலும் காய்ந்துகொண்டிருந்ததெல்லாம் எங்கள் முற்றத்துக்கு வந்தது. பெரிய ரோச் பற்றரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய சைக்கிள் ரியூப்புக்குள் திணித்து, இரண்டு பக்கமும் வயர் எடுத்தார் சித்தப்பா. இரை விழுங்கிய பாம்பு போல அது கதிரையில் படுத்திருந்தது. ஆறு போட வேண்டிய இடத்தில் எத்தனை போட்டார் என்று அவருக்கே தெரியாது. செத்தவர்களை எண்ணி என்ன பயன் என்றார்.

பின்னேரம் முற்றம் நிறைந்துவிட்டது. பெண் பார்க்க வருகிற அன்றுகூட இவ்வளவு சனம் வராது. சித்தப்பா சொன்ன கதையில் சாமான் எப்படியோ விளையாட்டிலிருந்து கனடாவாக மாறியிருந்தது. உள்ளே பார்த்தால் கனடா தெரியும் என்று சனம் நம்பி வந்திருந்தது. மனேச்சர் முதலில் முகத்தை விட்டார். நெடுநேரம் இருந்தார். நிமிர்ந்து, நல்ல பனி என்றார். அவருக்குப் பின்னால் பார்த்தவர் றோட்டுகள் அகலம் என்றார். அருமந்த பற்றரியைக் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? பக்கத்துக் காணி அக்கா பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா.

"மாப்பிள்ளையே தெரியிறாரு தங்கச்சி. கொஞ்சம் தொப்பை."

சனம் சிரித்தது. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஆள் தெரியாது பிள்ளை, இடந்தான் தெரியும்" என்று அவாவைத் திருத்தினார்.

பிறகு என் முறை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போய்க் குனிந்து முகத்தை உள்ளே விட்டேன்.

கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் சிவப்பாகச் சில கோடுகள். ஒரு சிவப்புப் பந்து தூரத்திலிருந்து என் மூக்கை நோக்கி வந்தது. பயந்துதான் போனேன். பந்து வந்து சேர முன்னமே ரியூப்புக்குள் கிடந்த பற்றரிகள் எல்லாம் ஒன்றாகச் செத்துவிட்டன. பிறகு வெறும் இருட்டு.

ஆனால் நான் முகத்தை எடுக்கவில்லை. இடம்பெயர்ந்த நாளிலிருந்து எனக்கென்று ஒரு தனியிடம் இருந்ததில்லை. உடுப்பு மாற்றுவதற்கும் அழுவதற்கும் ஒரே சாக்கு மறைப்புத்தான். இதற்குள் யாரும் என்னைப் பார்க்க முடியாது. முற்றம் நிறையச் சனம் நிற்க, அந்த இருட்டுக்குள் நான் ஒருத்தி நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. நெற்றி படுகிற இறப்பர் பழையதாகி, இடப் பக்கம் கூடுதலாக நசிந்திருந்தது. அதில் தலையிடித் தைலம் ஊறியிருந்தது. புதுச் சாமான் என்று சித்தப்பா சொன்னதை ஒருவர் பல காலம் தலையிடியோடு பாவித்திருக்கிறார். கார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த ஆள் வேலையால் வந்து, இடப் பக்கம் சாய்ந்து, இதற்குள் தனிய இருந்திருக்கிறார்.

"என்ன பிள்ளை, என்ன தெரியுது?" என்று சித்தப்பா கேட்டார்.

நிமிர்ந்தேன். உள்ளதைச் சொன்னேன்.

"ஒண்டும் தெரியேல்லை. தைலம் மணக்குது. அவருக்குத் தலையிடியோ எண்டு கேளுங்கோ."

பனி பார்த்தவர் நிலத்தைப் பார்த்தார். தகரமும் கிணறும் பெறுமதியான சாமானைப் பற்றி இதையா போய்ச் சொல்வது என்று சித்தப்பா குதித்தார். கனடா தெரிகிறது, பிள்ளைக்கு நல்ல சந்தோசம் என்று தான் சொல்லப் போவதாகவும், நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றும் சொன்னார். அவ்வளவு நாளும் அவருக்கு எதிர்க்கதை கதைக்காத அம்மா அன்று கதைத்தா.

"தம்பி, கேட்டது அவளை. அவள் சொன்னதைச் சொல்லுங்கோ."

அடுத்த பென்சனுக்குச் சித்தப்பா போனார். முதலில் கனடா, சந்தோசம் என்றுதான் சொன்னாராம். மாப்பிள்ளையின் தாய், பிள்ளை தன் வாயால் என்ன சொன்னவா என்று திருப்பித் திருப்பிக் கேட்டதில் உண்மை வந்துவிட்டது. சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் பின்னால் வந்த ஒருவரிடம் தாய் சொல்லிவிட்டிருந்தா. மகன் பிள்ளையோடு நேரே போனில் கதைக்க வேணுமாம், வவுனியாவுக்குக் கூட்டி வரட்டாம்.

வன்னியில் போன் இல்லை. வெளியே போகப் பாஸ் வேண்டும், திரும்பி வருவேன் என்பதற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். அம்மா பிணை நின்றா. காரணம் கேட்ட இடத்தில், கண் வருத்தம், ஆசுப்பத்திரிக்குப் போக வேணும் என்றார் சித்தப்பா. எந்தச் சாமானை வைத்து ஊருக்குக் கனடா காட்டினாரோ, அதைப் பார்த்ததால் பிள்ளைக்குக் கண் மங்கிவிட்டது என்று அங்கே கண் கலங்கினார். அந்தத் திறமையை நான் குறை சொல்ல மாட்டேன், பாஸ் கிடைத்தது.

வவுனியாவில் ஒரு போன் கடை. கண்ணாடி அடைத்த ஒரு சின்னக் கூடு. உள்ளே நான், வெளியே சித்தப்பா. நிமிடத்துக்கு நிமிடம் காசு ஏறும் இலக்கம் அவருக்கு முன்னால் ஓடியது. மறுமுனையில் மாப்பிள்ளை வந்ததும் நான் போன் வயரை விரலில் சுற்றத் தொடங்கினேன். சித்தப்பா கண்ணாடியில் தட்டினார்.

"தலையிடி எண்டு எப்பிடித் தெரியும்?" என்று அங்கிருந்து கேட்டது.

மணத்தது என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இரவு வேலை என்றார். அந்தப் பெட்டியில் விளையாடினால் எல்லோருக்கும் தலையிடிக்குமாம். யாரும் வாங்காததால் கடைக்காரர் மலிவாகத் தள்ளிவிட்டதாம். எங்கள் கூரைத் தகரமும் கிணறும் அந்த இடத்தில் போயின.

"என்னட்டை விளையாட்டுப் பெட்டி ரண்டு கிடந்தது" என்றார். "மற்றது ரீவியிலை கொழுவிறது, அதுதான் திறம். உங்கை கரண்ட் இல்லையெண்டு அம்மா சொன்னவா. அதாலை பற்றரியிலை ஓடுறதை அனுப்பினனான்."

"இஞ்சை பற்றரிக்கும் தடை."

வெளியே இலக்கம் ஓடியது. சித்தப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அது எனக்குத் தெரியாது" என்றார் அவர். "தெரியாமல் போச்சு."

எங்கள் கொட்டிலில் தடை எப்போது எடுபடும், சண்டை எப்போது முடியும், கனடாவில் பனி எவ்வளவு விழும் என்று எல்லாம் தெரிந்த மனிதர்களோடு நான் இருந்தேன். தெரியாது என்று ஒரு ஆம்பிளை சொல்லிக் கேட்டு எவ்வளவோ காலம். அந்தக் குரலில் வெட்கம் இருந்தது. வெட்கம் எனக்குத் தெரிந்த விசயம்.

"எனக்குச் சம்மதம்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வர, அவசரமாகச் சொல்லி முடித்தேன். "ஆனால் அந்தப் பெட்டியை நான் அங்கை திருப்பிக் கொண்டு வரமாட்டன்."

அப்போதுதான் அவர் சிரித்தார். சித்தப்பா கதவைத் திறந்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சிரிக்கிறார் என்றேன். அதற்கும் காசு ஏறுது, வை என்றார்.