அக்காவின் பிள்ளைகளும் ஒரு மொட்டைக் கடுதாசியும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பை மாமா, அதாவது அக்காவின் கணவர், என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் போட்டார். "மாப்ள, அந்தப் பெட்டிஷன் விஷயத்தையும் எழுது. எழுதுனது யாருன்னு பேரோட எழுது. அவ யாருன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அக்கா தம்முடைய குவார்ட்டர்ஸில் எட்டுச் சின்னக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ நிலக்கரி மைன்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டார்கள். அத்தோடு பிள்ளைகள் வருவது நின்றுபோனது. எழுதியது பக்கத்து குவார்ட்டர்ஸ் பிலோமினா டீச்சர்தான் என்று நம் குடும்பம் முடிவு கட்டியது. அன்றிலிருந்து நாம் யாரும் அவர் வாசலை மிதித்ததில்லை. மாமா "அவ" என்று சொன்னது அவரைத்தான். இந்த மலர் முந்நூறு வீடுகளுக்குப் போகப் போகிறது. அதில் ஒரு பெயர் தப்பாக ஏறிவிட்டால் பிறகு அழிக்க முடியாது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை பார்த்தவர்கள். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. அம்மா நடவுக்கு இறங்கினால் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நிற்பது அக்காதான். அவர் என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் அழுதால் கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. நண்டு வளையைக் காட்டி, "உள்ள யாரு இருக்கா, பாத்துகினு இரு" என்பாராம். நானும் அழுகையை மறந்து வளையையே பார்ப்பேனாம். எட்டாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

மாமாவுக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலை. அப்படி ஒரு இடம் எங்கள் வீட்டைத் தேடி வந்ததில் ஊருக்கே பொறாமை. எனக்குச் சந்தேகம். மாப்பிள்ளைக்கு ஏதாவது வியாதி இருக்குமோ என்று பந்தியில் அவர் சாப்பிடுவதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பிறவியிலேயே வந்த அந்தக் குணம்தான் பிற்பாடு எனக்குச் சோறு போட்டது. டவுன்ஷிப்பில் கான்ட்ராக்ட் செக்யூரிட்டியாகச் சேர்ந்தேன். பையைத் திற, டிக்கியைத் திற, பாஸைக் காட்டு என்று பதினைந்து வருஷமாக ஒரே பேச்சு. யார் சிரித்தாலும், எதற்குச் சிரிக்கிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

அக்கா ஒரு நர்சரிப் பள்ளியில் பல வருஷம் உதவியாளராக இருந்தார். மூன்று வயதுக் குழந்தையைக் கைகட்டி உட்கார வைக்கும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. மகன் ஓசூரில் வேலைக்குப் போன பிறகு அதை விட்டுவிட்டார். பிளாக்கில் வேலைக்குப் போகும் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை அவரிடம் விட ஆரம்பித்தார்கள். என் மனைவி வடலூரில் ஜவுளிக்கடையில் நிற்பவள். எங்கள் மகள் யாழினிக்கு அப்போது நான்கு வயது. அவளையும் விட்டோம்.

அக்கா பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருந்ததே குறைவு. துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் எட்டு முடிச்சுப் போட்டிருப்பார். ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு காலை எட்டரைக்குக் கிளம்பிவிடுவார்கள். மழை பெய்த மறுநாள் ரோட்டில் தேங்கிய தண்ணீரைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடச் சொல்வார். ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டை விட்டு உள்ளே போயிருக்கும். "யாரு குடிச்சது?" என்பார். நாய் என்பான் ஒருவன். மரம் என்பாள் ஒருத்தி. அக்கா பதில் சொல்ல மாட்டார். "உக்காந்து காவல் காருங்க. யாரு வராங்கன்னு பாக்கலாம்." எட்டும் உட்காரும். யாரும் வர மாட்டார்கள், தண்ணீர் மட்டும் குறையும். முதுகில் வெயில் நன்றாகச் சுட்ட பிறகு ஏதாவது ஒரு பிள்ளை நிமிர்ந்து மேலே பார்க்கும். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

பிலோமினா டீச்சருக்கு இது ஆகவே ஆகாது. முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவர். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார். "எறும்புக்கு எத்தன காலுன்னு சொல்லுதுங்க, அ ஆ எழுதச் சொன்னா முழிக்குதுங்களே. இது என்ன படிப்பு?" பிள்ளைகள் சேற்றுக் காலோடு அவர் கழுவிய வாசலில் ஏறிவிட்டால் சத்தம் இன்னும் கூடும். அக்காவும் விடமாட்டார். "எறும்பு வரிசையா போவுது டீச்சர், எழுத்து ஓடியா போயிடும்? அப்பறம் வரும்." இந்தச் சண்டையை பிளாக் முழுவதும் கேட்டிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் யாழினியின் சட்டைப் பையில் பழுப்பாக ஒரு கட்டி இருந்தது. நிலக்கரி. ரோட்டோரம் கிடந்ததாம். செக்யூரிட்டிக்காரன் மகள் பையில் கரி! பார்த்தவர்கள் திருட்டு என்பார்கள். அவள் அதை நகத்தால் கீறிக் காட்டினாள். "அப்பா, இது மரம். பாரு, கோடு கோடா இருக்கு."

"அத்தை சொன்னாங்களா?"

"இல்ல. நானே பாத்தேன்."

பிடுங்கித் தூர எறிந்தேன். அவள் அழவில்லை. நான் எங்கே எறிந்தேன் என்று கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.

பிறகுதான் அந்தச் சேறு என் கண்ணில் பட்டது. தினமும் பார்க்குக்குப் போகிறோம் என்று அக்கா சொல்லியிருந்தார். பார்க்கில் இருப்பது செம்மண். என் மகளின் கால் நக இடுக்கில் இருந்தது சாம்பல் நிறக் களிமண். பாவாடை ஓரமும் ஈரம். "பார்க்குல என்ன பாத்த?" என்று கேட்டேன். "மீனு" என்றாள். நான் தினமும் ரவுண்டு போகும் பார்க்கில் குட்டை கிடையாது. அக்காவிடம் கேட்டேன். "பார்க்குலதான்டா. உம் பொண்ணு கத சொல்றா" என்று சிரித்தார். அக்கா என்னிடம் சொன்ன முதல் பொய் அது. என் மகளையும் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது.

வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு இரண்டு நாள் லீவு போட்டு அவர்களைப் பின்தொடர்ந்தேன். முதல் நாள் பார்க். இரண்டாம் நாள் கயிறு ரோட்டைக் கடந்து, மைன்ஸிலிருந்து இறைக்கும் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் பக்கம் திரும்பியது. ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எட்டுப் பிள்ளைகளும் தண்ணீரில் நின்றார்கள். ஆளுக்கு இரண்டு இலை. "எது மொதல்ல போவும்? சொல்லிட்டு விடுங்க" என்று அக்காவின் குரல் கேட்டது. யாழினி இரண்டு இலைகளையும் கையில் நிறுத்துப் பார்த்து, யோசித்து, விட்டாள். சொன்னபடியே நடந்தது போலிருக்கிறது, குதித்தாள். அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. எனக்கு வந்ததில் பயம் பாதிதான். மீதி பொறாமை.

ஓடிப்போய் அவளைத் தூக்கியிருக்க வேண்டும், அல்லது அக்காவை நேராகக் கேட்டிருக்க வேண்டும். ஒளிந்து பார்க்க வந்தவன் எப்படி வெளியே வருவது? இடுப்பில் வைத்து வளர்த்தவரை எதிர்த்துப் பேசவும் எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இடது கையால் எழுதினேன்.

ஆம், அந்த மொட்டைக் கடுதாசியை எழுதியவன் நான்தான்.

குவார்ட்டர்ஸில் அனுமதியில்லாமல் பள்ளி நடக்கிறது, பச்சைக் குழந்தைகளை ஆழமான வாய்க்காலில் இறக்கிவிடுகிறார்கள் என்று எழுதினேன். பிள்ளைகள் நின்ற இடத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அக்கா முழங்கால் ஆழத்தில் கீழ்ப்பக்கமாக நின்று கயிற்றைக் குறுக்கே பிடித்திருந்தார். அதை எழுதவில்லை. விவரம் இல்லாத புகார் குப்பைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் பிள்ளைகளின் பெயர்களையும் குவார்ட்டர்ஸ் நம்பர்களையும் வரிசையாகக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஓர் அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் பேசினாராம். நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் குவார்ட்டர்ஸுக்கே பிரச்சினை என்றாராம். அக்கா அன்றே நிறுத்தினார். மாமா ஷிப்ட் முடிந்து வந்து கொதித்தார். "இது பக்கத்து வூட்டு வேலதான்." நான் சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. "அந்த வாரம் டீச்சர ஆபீஸ் வாசல்ல பாத்தேன் மாமா" என்றேன். பார்த்தது உண்மை. குழாய் ஒழுகுகிறது என்று புகார் கொடுக்க அவர் வந்திருந்தார். அதையும் நான் அறிவேன். குழாயை விட்டுவிட்டு வாசலை மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் நான் நிம்மதியாக இருந்ததில்லை. யாருக்காவது தெரிந்திருக்குமோ என்று ஒவ்வொரு முகமாகத் துருவினேன். அக்கா என்னை எப்போதும்போல "வாடா, சாப்டியா" என்றுதான் கேட்டார். அந்த எப்போதும்போலவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நோய் வந்து, புதுச்சேரியில் மருத்துவம் பார்த்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிய பிறகு, டீச்சர் பின்பக்கக் கேட் வழியாகக் கஞ்சி கொண்டுவருவதை இரண்டு முறை பார்த்தேன். நாம் பேசாத மனுஷி எதற்கு வருகிறார்? இரண்டு பேரும் என்ன பேசுகிறார்கள்? நான் உள்ளே போனதும் பேச்சு நிற்கும். அக்கா கண்ணை மூடிக்கொள்வார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு டீச்சர் மாலையோடு வந்தார். நம் உறவினர் ஒருவர் வாசலில் மறித்து, "உங்கள யாரும் கூப்புடலியே" என்றார். நான் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிக்கொண்டே இருந்தேன். டீச்சர் மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

மாமா இந்தக் கட்டுரையைக் கேட்ட மறுநாள் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் அது அழகாக இருக்கும், ஆனால் நிஜமில்லை. அவருக்கு என்ன தெரியும் என்று பார்க்கத்தான் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"அந்த ஆபீசர் பேரெல்லாம் படிச்சப்ப நான் வேலியாண்டதான் நின்னுகினு இருந்தேன் தம்பி. ஏழு பேரு படிச்சாரு. வாசல்ல எட்டுப் புள்ளைங்க. படிக்காத பேரு உம் பொண்ணுது. உங்க அக்கா அவளையே பாத்துகினு நின்னாங்க."

என் மகளின் பெயரைப் புகாரில் எழுத எனக்குக் கை வரவில்லை. அதை நான் யோசித்துக்கூடச் செய்யவில்லை.

"சாயங்காலம் வந்தாங்க. 'எந்தம்பிதான் டீச்சர். கான்ட்ராக்ட் வேல. எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அவன் சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வேலைய வுட்டே தூக்கிடுவாரு. கொஞ்ச நாளு உங்க மேலயே இருக்கட்டும்'னாங்க. கொஞ்ச நாளுன்னாங்க. அஞ்சு வருஷம் ஆயிடுச்சி."

"நீங்க ஏன் டீச்சர் ஒத்துக்கினீங்க?"

"மொதல்ல திட்டித்தான் அனுப்பினேன். மறுநாளு என் வாசல்ல ஒரு சேத்துக் காலும் இல்ல. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. சரி, ஆனா என்னையும் ஒரு தடவ அந்த வாய்க்காலுக்குக் கூட்டிகினு போகணும்னு சொன்னேன். போனோம். அப்பறம் மாசா மாசம் போனோம். எல விட்டு எல விட்டு நான் ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல."

அக்கா செய்தது முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். பார்க் என்று சொன்னது தவறு. ஒரு குற்றமும் செய்யாதவர் மேல் பழி கிடக்கட்டும் என்று விட்டது அதைவிடப் பெரிய தவறு. அவ்வளவையும் எனக்காகச் செய்தார். நான் அதற்குத் தகுதியானவன் இல்லை.

அக்காவின் மருத்துவத்துக்குத் துணைநின்ற மருத்துவர்கள், செவிலியர்கள், ரத்தம் கொடுத்த மைன்ஸ் தோழர்கள், ஓசூரிலிருந்து வாராவாரம் வந்த அக்காவின் மகன், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பிளாக் மக்கள், வளர்ந்த பிறகும் டியூஷன் பையோடு வந்து கட்டிலருகே நின்ற அந்த எட்டுப் பிள்ளைகள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிலோமினா டீச்சருக்கு நன்றி என்ற சொல் போதாது. நினைவு நாளன்று வரும் சொந்தங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் சாப்பிடும் முன் பக்கத்து வாசலில் ஏறி அவர் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.

இதுவரை எழுதி நேற்று மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். எழுந்து போய் டீச்சர் வீட்டு வாசலில் நின்றார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், தாள்களை என் முன்னால் வைத்தார். ஒரு வரியும் அடிக்கவில்லை.

"இதுலயாவது கையெழுத்துப் போடு" என்றார்.

தம்பி,
அ. செல்வராசு