பைக் எண்ணெய்

சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் வாரமெல்லாம் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கும் பிரத்யுஷாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை என்றால் குட்டி விமானம் பறக்கவிட வேண்டும். அதன் எஞ்சினுக்கு மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்துதான் ஊற்றுவாள். விமானத்தை இரவல் வாங்கிப் போன நண்பன் கிஷன், பிஸ்டன் இறுகிப்போன எஞ்சினைத் திருப்பிக் கொண்டுவந்தான். அவன் கலந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பைக்குக்கு ஊற்றும் எண்ணெய் மெத்தனாலோடு சேராமல் அடியில் தனியாக நின்றது. எண்ணெய்ப் பசையே இல்லாமல் ஓடி எஞ்சின் செத்திருக்கிறது.

"எண்ணெய்ல என்னங்க இருக்குது? எல்லாம் வழவழன்னுதானுங்களே இருக்குது," என்று கிஷன் சிரித்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் மட்டும் மரியாதை குறையவில்லை.

"அப்படீங்களா? உங்க புல்லட் சாவியைக் குடுங்க. காங்கேயத்துத் தேங்காயெண்ணெய ஊத்தித் தாரேன். ஆனைமலை வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க."

கிஷனின் கை சட்டென்று பாக்கெட்டிலிருந்த சாவியைப் பொத்திக்கொண்டது.